வருவாரை வரவேற்போம், வாழ்வாரை மறவோம்

(இறம்பொடையில் நடைபெற்ற நமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





கம்பளையில் இருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பெருந்தெருவில் நம்முடைய இறம்பொடை அமைந்திருக்கிறது. ஒரு புறம் 109 மீற்றர் உயரத்தில் இருந்து வீழும் அருவி. கீழே கொத்மலை நீர்த்தேக்கம். வெவண்டன் மலையிலே சின்மயா மிஷன் எழுப்பிய பக்த ஆஞ்சநேயர் ஆலயம். சுற்றிலும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலை. இக்காட்சியைக் காண உலகத்தின் பல பாகங்களில் இருந்தும் மக்கள் வருகின்றனர். நாமோ தினந்தோறும் பார்க்கிறோம். ஆகையால் பார்ப்பதே இல்லை.

அத்தெருவின் வளைவுகளிலே பூக்கொத்துடன் நிற்கும் பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். வான் ஒரு வளைவைச் சுற்றி வருவதற்குள் குறுக்குப் பாதையால் ஓடி, அடுத்த வளைவிலே அதே பூக்கொத்துடன் நிற்பார்கள். வந்தவர் சிரித்து வாங்குவார், படமும் எடுப்பார். அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, அதன் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்பதை அவர் அறியார். நம் ஊருக்கும் இங்கு வரும் உல்லாசப் பிரயாணிகளுக்கும் உள்ள உறவு இன்று இந்த அளவிலேதான் இருக்கிறது. அதைச் சீர்செய்வது எப்படி என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

உல்லாசப் பயணத் தொழில் நிலையானதென்று எண்ணி மயங்குதல் கூடாது. 2018ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தோர் 23 இலட்சத்துக்கும் மேல். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தினத்துக் குண்டுவெடிப்புகள். அடுத்த ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய். 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சத்தையும் எட்டவில்லை. 2022இல் பொருளாதாரம் வீழ்ந்து எரிபொருளுக்கு வரிசையில் நின்றோம். மறுபடி 2024இல் 20 இலட்சத்தைத் தாண்டியது. வெள்ளம் போல் வரும், வற்றியும் போகும் ஒன்றை நம்பி வீடு கட்டுவோர், அது வற்றிய காலத்துக்கும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வற்றிய காலத்திலும் நம்மிடம் எஞ்சி நிற்பது எது? நமது பாரம்பரியம். அதை விற்றுத் தீர்த்துவிட்டால் எஞ்சுவது ஒன்றுமில்லை.

நம்மிடம் உள்ள முதுசொம் மூன்று வகைப்படும்.

முதலாவது, நம்பிக்கையின் முதுசொம். இராமன் படை தங்கிய இடம் ஆதலின் இறம்பொடை எனப் பெயர் வந்தது என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். நுவரெலியாவுக்கு அப்பால், ஹக்கலைக்குப் போகும் வழியில், சீதா எலியவில் ஓடைக்கரையிலே சீதையம்மன் கோயில் இருக்கிறது. 2024 மே மாதத்தில் அங்கு நடந்த கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியில் இருந்து சரயு நதித் தீர்த்தம் வந்தது. இராமாயணத் தலங்கள் என்று சுமார் ஐம்பது இடங்களைத் தொகுத்து யாத்திரை வழியாக அரசாங்கத்தின் உல்லாசப் பயணத்துறையும் விளம்பரம் செய்து வருகிறது. 2018 நவம்பரில் டில்லியில் இருந்து புறப்பட்ட இராமாயண யாத்திரைப் புகைவண்டியின் பயணத் திட்டத்திலும் இலங்கை இடம்பெற்றது.

இரண்டாவது, நம் மக்களின் வரலாற்று முதுசொம். 1820களில் இம்மலைகளில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. தென்னிந்தியாவில் இருந்து நம் பாட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டவர்கள் பலர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழிக்க, மலை முழுவதும் தேயிலை ஆயிற்று. அந்தத் தேயிலையை வளர்த்தவர்களின் குடியுரிமை 1948இல் பறிபோயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பங்கள் கடலின் இரு கரைகளிலுமாகப் பிரிந்தன. நாடற்றவராய் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேதான் குடியுரிமை கிடைத்தது. 2023இல், நம்மவர் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைந்து, தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பிடிமண்ணை வைத்து மரத்தடியில் ஆரம்பித்த மாரியம்மன் கோயில்கள், மாசி மாதத்துக் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், தப்பு, பிரட்டுக்களம், லயம் ஆகிய யாவும் இந்த முதுசொத்தைச் சேர்ந்தவையே.

மூன்றாவது, மலையும் நீரும். சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைக்காடு மூன்றும் சேர்ந்து 2010இல் மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் ஹோர்ட்டன் சமவெளியே நீர் கொடுக்கிறது. மலையைக் கெடுத்தவன் சமவெளியில் உள்ள உழவனையும் கெடுத்தவன் ஆவான்.

இம்மூன்றிலும் முதலாவதற்கு விளம்பரம் உண்டு. மூன்றாவதற்குச் சட்டம் உண்டு. நடுவில் உள்ள நம் மக்களின் வரலாற்றுக்கு என்ன உண்டு? 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே புராதனச் சின்னம் என்று கொள்கிறது. நம்மவர் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியதோ அதற்குப் பின்பு. ஆகவே விசேடமாகப் பிரகடனம் செய்தாலன்றி, நமது லயமும் கோயிலும் அச்சட்டத்தின் நிழலுக்கு வெளியேதான் நிற்கும். நம் பொருளை நாமே காவாவிடின் காப்பார் வேறு யாரும் இல்லை.

இவ்விடத்தில், நாங்கள் செய்த பிழை ஒன்றை மறைக்காமற் கூற வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் புனருத்தாரணம் செய்தோம். தகரக் கூரையும் மரத்தூண்களுமாய் இருந்த சிறு கோயில் அது. தூண்களிலே உபயகாரரின் பெயர்களை யாரோ ஒரு பழந்தச்சன் செதுக்கியிருந்தான். மூலையில் இருந்த தகரப் பெட்டியிலே காமன் கூத்துப் பாட்டுகள் எழுதிய கொப்பிகள் கிடந்தன. சீமெந்தும் மாபிளும் வைத்து அழகு செய்யும் ஆவலில், கொப்பிகளைக் குப்பையோடு எரித்தோம். தூண்களைப் பிளந்து, கும்பாபிஷேகத்து அன்னதானத்துக்கு விறகாக்கினோம். அன்று எவருக்கும் அது பிழையாகத் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, தமிழ்நாட்டில் கூடலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஒப்பந்தக் காலத்தில் இங்கிருந்து அனுப்பப்பட்டவர்களின் வழிவந்தோர். வயது முதிர்ந்த ஓர் அம்மா, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்து சுற்றுமுற்றும் பார்த்தார். “எங்க ஐயா பேரு ஒரு தூணுல இருக்குமே, அந்தத் தூண் எங்க?” என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். விறகாக்கினோம் என்று சொல்ல நா எழவில்லை. “பழுதாப் போச்சு அம்மா” என்றோம். அந்த அம்மா புதிய மாபிள் தூண் ஒன்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்.

கடல் கடந்து வந்த அந்த அம்மாவும் ஓர் உல்லாசப் பிரயாணி என்றே விமான நிலையத்தில் பதியப்பட்டிருப்பார். அவருக்குக் காட்ட எங்களிடம் மாபிள் இருந்தது. அவருடைய தகப்பனார் பெயர் இல்லை.

நிற்க. இப்பொழுது நமது மன்றத்தின் முன் ஒரு யோசனை இருக்கிறது. தெருவோரத்திலுள்ள பழைய சிறு கோயிலை இடித்து, அவ்விடத்திலே வானளாவிய சிலையொன்றை நிறுவ வேண்டும் என்பது அது. இதைக் கொண்டுவந்த பெரியோர்களை நாம் குறைகூற வரவில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. “பெரிய சிலை இருந்தால் பஸ் நிற்கும். பஸ் நின்றால் கடை வைக்கலாம். கடை இருந்தால் பிள்ளைகள் கொழும்புக்குப் போய்ப் பிறர் கடையில் மூட்டை தூக்க வேண்டியதில்லை” என்கிறார்கள். இதைவிட மேலான எண்ணம் வேறென்ன இருக்க முடியும்?

ஆனால் பெரியோர்களே, பஸ் நின்றால் மட்டும் போதுமா? இன்றும் பஸ்கள் நிற்கத்தான் செய்கின்றன. கொழும்பிலே முற்பணம் கட்டிய பிரயாணி, கொழும்பு வாகனத்தில் வந்து, முன்னரே பேசிவைத்த ஹோட்டலில் உண்டு, இருபது நிமிடம் நின்று படம் பிடித்துப் போகிறார். பணம் வந்த வழியே திரும்பிவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது பிளாஸ்டிக் போத்தல். அன்றியும், தெருவோரத்துக் கடைக்கு நிலம் வேண்டும். வீடிருக்கும் நிலத்துக்கே உறுதி இல்லாத தோட்டத்து மக்கள் கடைக்கு நிலம் எங்கே தேடுவர்? சிலை எழுந்தபின் கடை போடுவோர் வெளியூர் முதலாளிமாராய் இருப்பர். நம் பிள்ளைகள் அங்கே தட்டுக் கழுவுவர்.

கர்நாடகத்திலே ஹம்பி என்னும் விஜயநகரத் தலைநகரம் 1986இல் உலக மரபுரிமைத் தலமாயிற்று. விரூபாட்சர் கோயில் முன்னே உள்ள பழைய கடைத்தெரு மண்டபங்களில் பல குடும்பங்கள் குடியிருந்து, யாத்திரிகருக்குச் சோறும் இடமும் கொடுத்துப் பிழைத்து வந்தன. 2011 ஜூலையில், புராதனத்தைக் காப்பதற்கென்று அதிகாரிகள் இயந்திரங்களைக் கொண்டுவந்து அவர்களை அகற்றினார்கள். கல் காப்பாற்றப்பட்டது, அதைச் சூழ்ந்திருந்த வாழ்க்கை கலைந்துபோயிற்று. மண்டபத்தில் மனம்போனபடி சுவர் எழுப்பியது சரியென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அங்குள்ளோரை முதலிலேயே அழைத்து, கூடியிருந்து ஒழுங்கு செய்திருந்தால் அந்நிலை வந்திராது. இன்று நாம் ஒழுங்கின்றி நடந்தால், நாளை பிறர் வந்து நம்மை அகற்றி ஒழுங்கு செய்வர்.

நல்ல முன்மாதிரிகளும் இல்லாமல் இல்லை. கம்போடியாவின் அங்கோரில் பக்கேங் என்னும் மலைக்கோயிலிலே சூரிய அஸ்தமனம் பார்க்கப் பெருங்கூட்டம் ஏறியது. படிகள் தேய்வது கண்டு, ஒரே வேளையில் 300 பேருக்கு மேல் மேலே நிற்கலாகாது என்று விதித்தார்கள். வரிசையில் நிற்க வேண்டியிருந்தாலும் மக்கள் வருவதை விடவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? நம் அருகிலேயே, கம்பளைப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயத்திலே 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று நடைபெற்று வருகிறது. கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, பித்தளைப் பாத்திரம், பழைய பத்திரங்கள் என்று நம் வீடுகளில் மூலையில் கிடந்தவைதாம் அங்கே மதிப்புடன் இருக்கின்றன. கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலை இயந்திரத்தின் கதையைச் சொல்லும். இந்த லயமோ மனிதரின் கதையைச் சொல்கிறது. நம் மன்றத்தில் எத்தனை பேர் அதைப் போய்ப் பார்த்தோம்? கையுயர்த்தும்படி கேட்க நாம் துணியவில்லை.

1999இல் மெக்சிக்கோவில் கூடிய உலக மரபுரிமை அறிஞர்கள் ஒரு பட்டயம் செய்தனர். தலம் இருக்கும் ஊராரைக் கலந்தே யாவும் திட்டமிடப்பட வேண்டும், பயணத்தால் வரும் நன்மை அவ்வூராருக்கும் சேரவேண்டும் என்பது அதன் சாரம். இதை அறிய மெக்சிக்கோ வரை போக வேண்டியதில்லை. கோயில் திருவிழாவிலே உபயம் பிரிக்கும் நம் பெரியோர் இம்முறையை என்றோ அறிவர். ஆதலின் நம் மன்றம் செய்யத்தக்கவை சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலில், எண்ணுவோம். போயா விடுமுறை நாட்களிலே எத்தனை வாகனம், எத்தனை பேர் வருகின்றனர், எவ்வளவு நேரம் நிற்கின்றனர் என்பதை ஒரு வருடம் இளைஞர் முறைவைத்துக் குறிக்கட்டும். கையில் கணக்கிருந்தால் பிரதேச சபையும் கேட்கும், தோட்ட நிருவாகமும் கேட்கும்.

இரண்டாவது, நீரும் கழிவும். பக்தர் கூடும் இடத்தில் மலசலகூடம் இல்லையென்றால், கீழே லயத்துப் பீலித் தண்ணீர் கெடும். புதிய கோபுரத்துக்கு முன் மலசலகூடம் கட்டுவது தெய்வ குற்றமாகாது. போத்தலைத் திருப்பிக் கொடுத்தாற் காசு கிடைக்கும் ஒழுங்கைக் கடைகளில் ஏற்படுத்தலாம்.

மூன்றாவது, எல்லோருக்கும் வழி. முதியோருக்கும் கால் இயலாதோருக்கும் கைபிடிக் கம்பியும் சரிவுப் பாதையும் வேண்டும். அறிவிப்புகள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். சிவனொளிபாதமலையிலே நான்கு சமயத்தவரும் ஒரே படியில் ஏறி, ஒருவருக்கொருவர் வழிவிடுகிறார்கள் அல்லவா? கொத்மலை நீர்த்தேக்கத்தினுள் சிங்கள மக்களின் பழைய விகாரைகளும் மூழ்கிக் கிடக்கின்றன. நீர் வற்றுங் காலத்தில் கடதொர விகாரையின் எச்சம் தலைகாட்டும்போது அவர்கள் நெஞ்சு படும் பாட்டை, தூணை எரித்த நாங்கள் அறிவோம். நம் கதையைச் சொல்லும்போது அவர்கள் கதையையும் சேர்த்துச் சொல்வோம்.

நான்காவது, வழிகாட்டிகள். மன்றத்துப் பையன்களும் பெண்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வேண்டும். அவர்கள் ஒன்றை மறக்கலாகாது: நம்பிக்கையை நம்பிக்கையாகவும் வரலாற்றை வரலாறாகவும் கூற வேண்டும். “இராமன் படை இங்கு தங்கியதாக எங்கள் பெரியோர் சொல்வர்” என்று சொல்வதில் பக்தி குறைவதில்லை. கல்லைக் காட்டிக் கற்பனை ஆண்டுகளை அளப்பதாலே பக்தி கூடுவதுமில்லை, கேட்பவர் நகைப்பார். அதே வழிகாட்டி, மன்னாரில் இருந்து நடந்து வந்தவர்களின் கதையையும் சொல்லட்டும். அதைக் கேட்டு நகைப்பார் யாரும் இரார்.

ஐந்தாவது, மானம். கொழுந்து பறிக்கும் தாயைக் கேளாமற் படம் பிடிப்பதும், கையில் ஒரு தாளைத் திணிப்பதும் வழக்கமாகிவிட்டன. விருப்பமுள்ளோர் மட்டும், முறையான கூலியுடன், பறிக்கும் வித்தையைக் காட்டும் இடம் ஒன்றை ஏற்படுத்தலாம். பூக்கொத்துப் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் பள்ளியில் இருக்க, அவர்கள் வீட்டார் பூ விற்க ஒரு நிழற்கொட்டகை அமைக்கலாம். வரும் பணத்தின் கணக்கை மாதந்தோறும் கோயில் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். குழுவிலே பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூடை சுமப்பவர் அவர்களே.

ஆறாவது, உயிர்க்காப்பு. 2025 மே 11ஆம் திகதி, கதிர்காமத்தில் இருந்து குருநாகலுக்குச் சென்ற பஸ் கொத்மலை கெரண்டி எல்லையிலே பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மண்சரிவிலே மலையகம் பட்ட துயரம் சொல்லி முடியாது. சரிவை வெட்டிப் பெருஞ்சிலை எழுப்ப நினைக்குமுன், அந்த மண் தாங்குமா என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தாரைக் கேட்டறிவது நம் முதற் கடமை. தெய்வத்தின் பெயரால் ஒரு லயத்தின் தலைமேல் பாரத்தை ஏற்றலாகாது.

ஏழாவது, பதிவு. எந்தக் கோயிலையும் திருத்துமுன் ஒவ்வொரு தூணையும் மணியையும் படமெடுப்போம். கொப்பிகளைப் பிரதி செய்வோம். காமன் கூத்து ஆடிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பாடும் குரலை, இன்று ஒவ்வோர் இளைஞன் சட்டைப்பையிலும் உள்ள கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்யலாம். இதற்குச் செலவு இல்லை. நேரம் மாத்திரம் வேண்டும், அந்நேரம் நாளுக்கு நாள் குறைந்து வருகிறது.

பெரியோர்களே, பழைய கோயிலை இடிக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறோம். கூரை ஒழுகினால் கூரையை மாற்றுவோம். தூண் உளுத்தால் அதன் பெயரெழுத்துள்ள பகுதியை வெட்டியெடுத்துக் காப்போம். சிலைக்கெனச் சேர்த்த பணத்திலே வழியும், மலசலகூடமும், பிள்ளைகளின் பயிற்சியும், நம் பாட்டன்மாரின் பொருட்களை வைக்க ஒரு லய அறையும் ஆகட்டும். பஸ் அப்போதும் நிற்கும். இறங்குபவர் இருபது நிமிடத்தில் போகமாட்டார்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பெரியோர் பிழை செய்தார் என்று நீங்கள் பேசத் தொடங்கினால் காரியம் கெடும். அவர்கள் பசியோடு கோயில் கட்டியவர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு கொப்பியுடன் உங்கள் லயத்தில் உள்ள மூத்தவரிடம் போய் அமருங்கள். அவர் எந்த ஊரில் இருந்து வந்தார், யார் தூக்கி வந்த மண்ணில் இந்தக் கோயில் எழுந்தது, எந்தத் தூணில் யார் பெயர் என்று கேட்டு எழுதுங்கள்.

கூடலூர் அம்மா மறுபடி வருவாரோ தெரியாது. அவர் பேரன் வரக்கூடும். அவன் கேட்கும்போது காட்டுவதற்கு, எரித்த தூண் இல்லாவிட்டாலும், அதில் இருந்த பெயர்களையாவது எழுதி வைத்திருப்போம். எங்கள் நினைவில் உள்ள ஏழு பெயர்களை நாங்கள் எழுதிவிட்டோம். மிகுதியை நினைவுள்ள பெரியோர்கள் இந்தக் கூட்டம் கலையுமுன் வந்து சொல்லுமாறு வேண்டிக்கொண்டு, எமது உரையை முடிக்கின்றோம்.